சண்முகத்துக்கு, உன் புதுக் குளத்தைப் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. கட்டு பிரித்ததும் முதலில் பேரனைத்தான் பார்க்கணும் என்று சொன்னார்களாமே, அது அம்மாதான். பத்மாவும் ரொம்ப விசாரித்தாள். மூத்தவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேச்சு நடக்கிறது. தேதி முடிவானதும் எழுதுகிறேன், நீ முன்கூட்டியே வந்துவிட வேண்டும்.

இப்போது உன் குளம். அவசரம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் கோய் மீன்கள் (ஜப்பானிய வண்ணக் கெண்டைகள்) துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கின்றன, இரண்டு செத்துப்போயின, கடைக்காரர் ஒரு மருந்தைக் கொடுத்து ஊற்றச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டிலைத் திறக்காதே. நீ சொன்ன அளவுகளைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. மீன் விடுகிற அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா உன் புதுக் குளத்தில் இன்னும் குடியேறவில்லை. மருந்து ஊற்றினால் வரப்போகிறவற்றையும் சேர்த்து அழித்துவிடும்.

நாம் இருவரும் வேதியியல் படித்தவர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர். நாளுக்கு 150 கிராம் தீனி போடுகிறாய், பாக்கெட்டில் புரதம் 40 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியானால் 60 கிராம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 9.6 கிராம். கழிவில் கொஞ்சம் போகும், உடம்பில் கொஞ்சம் தங்கும், பெரும்பகுதியை மீன் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் ஆறு கிராமுக்கு மேல். பத்தாயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம், அதுவும் ஒவ்வொரு நாளும். அழிக்க ஆளில்லாத குளத்தில் இது சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது.

சோதனைப் பெட்டியில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டியது, கொஞ்சம்தானே என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒன்றில் எவ்வளவு அம்மோனியமாக இருக்கிறது, எவ்வளவு கட்டற்ற அம்மோனியாவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. மீனைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவது. 30 டிகிரி வெப்பத்தில், பிஹெச் (அமில-கார அளவு) 7 என்றால் அதில் ஒரு சதவீதம்கூட கட்டற்ற வடிவில் இருக்காது. பிஹெச் 8-ல் ஏழரை சதவீதம். நீ மாலையில் அளந்த 8.5-ல் இருபது சதவீதம். ஆக உன் குளத்தில் கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறது. 0.05 தாண்டினாலே செவுளுக்குக் கேடு. உன் குளம் சிமெண்ட் தொட்டி வேறு. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஹெச்சை மேலே தூக்கும். நம்மூரில் புதுத் தொட்டியில் வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றுவார்கள். உன் கொத்தனார் ஒரு வாரம்தான் ஊறவிட்டார் என்று படித்தேன், அது போதாது. இதோடு பாசி பிடித்தால் பகலில் அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பிஹெச்சை இன்னும் ஏற்றும். அதனால் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் அளக்க வேண்டும். காலை அளவை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதே.

இனி பாக்டீரியா கதைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம் என்று 1890 வாக்கில் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி கண்டறிந்தார். சூரிய ஒளி இல்லாமல், இந்த வேதிவினையிலிருந்தே சக்தி எடுத்துப் பிழைக்கிற உயிர்கள் உண்டு என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. நாம் படித்த புத்தகத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டே பேர் இருந்தன. நன்னீர் வடிகட்டிகளில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று பின்னால்தான் தெரிந்தது. 2015-ல் இன்னொரு திருப்பம்: நைட்ரோஸ்பைராவில் சில, இரண்டு படிகளையும் தனியாகவே முடித்துவிடுகின்றன. அதைக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று நெதர்லாந்தைச் சேர்ந்தது. அவர்கள் எடுத்த மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டியிலிருந்து. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் கவனிக்காத ஒன்று, நம்மைப் போன்றவர்கள் தினமும் பார்க்கிற இடத்திலேயே இருந்திருக்கிறது! எனக்கு இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இவை மெதுவாகப் பெருகும். சாதாரண பாக்டீரியா அரை மணியில் இரட்டிக்கும், இவற்றுக்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல். நம் வெப்பத்தில்கூட குளம் பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அந்தக் கட்டம்தான் நீளமாக இழுக்கும். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் போய் ஹீமோகுளோபினைக் கெடுக்கிறது. ரத்தம் பழுப்பாகும், தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். அதற்கு மருந்து கல் உப்பு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ, தனி வாளியில் கரைத்து, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஊற்று. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டுக்கு வழிவிடாது. குளத்தில் தாமரை வைத்திருக்கிறாயே, அதை வேறு தொட்டிக்கு மாற்றிவிடு.

கோய் பிறந்த ஊரான ஜப்பானின் நீகாட்டாவில், வளர்ப்பவர்கள் கோடை முழுக்க மீன்களை மலைச்சரிவின் மண்குளங்களில் விட்டு, இலையுதிர் காலத்தில் வலைபோட்டு எடுக்கிறார்கள். அங்கே வடிகட்டி கிடையாது. பெரிய குளம், குறைந்த மீன், அடியில் களிமண். அந்தச் சேற்றிலேயே எல்லா பாக்டீரியாவும் இருக்கிறது. நாம் சிமெண்ட் பூசி அந்தச் சேற்றை எடுத்துவிடுகிறோம், அதன் வேலையை வடிகட்டிப் பெட்டிக்குள் பாக்டீரியா ஒட்டி வளர்கிற பாய்களிடம் கொடுக்கிறோம். அதனால்தான் அந்தப் பெட்டியில் எனக்கு மீன்மேல் இருக்கிற அளவு அக்கறை.

இன்றே செய்ய வேண்டியது: தீனியை நிறுத்து. கோய்க்கு ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதைத் தெளித்து விழும்படி விடு. மாநகராட்சித் தண்ணீர் என்றால் முதலில் சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை நீக்கு. ஏர் பம்போடு வடிகட்டியின் பம்பையும் இன்வெர்ட்டரில் மாட்டு. மின்சாரம் போய் வடிகட்டியில் நீரோட்டம் சில மணி நேரம் நின்றால் அந்தப் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். வடிகட்டிப் பாயைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே, குளத்துத் தண்ணீரிலேயே அலசு.

இன்னொன்று பின்னால் வரும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முடிக்கப் பாக்டீரியா ஏழு கிராம் சுண்ணாம்புக்கல் (கால்சியம் கார்பனேட்) அளவுக்குத் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். உன் ஆறு கிராமுக்கு நாளுக்கு நாற்பது கிராமுக்கு மேல். உன் போர் தண்ணீர் கடினம், இப்போது கவலையில்லை. ஆனால் மழைநீர் மட்டும் நிரப்ப ஆரம்பித்தால் ஒரு நாள் பிஹெச் சரிந்து வடிகட்டி நின்றுவிடும். அப்படி ஆகுமுன்பே ஆப்பசோடா கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம், அம்மோனியா பூஜ்யமாக இருந்தால் மட்டும்.

அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருவேன். வரும்போது என் பழைய வடிகட்டியிலிருந்து ஒரு பாயை ஈரம் காயாமல் கொண்டுவரட்டுமா? புது வடிகட்டிக்கு அதைப் போல விதை இல்லை. என் குளத்தில் இருக்கிற ஒட்டுண்ணி ஏதாவது அதோடு வரலாம் என்பது மட்டும்தான் யோசனை. மீன்களை இரண்டு வருஷமாக நோயில்லாமல் பார்த்துவருகிறேன், ஆனாலும் முடிவு உன்னுடையது. வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமைக்குள் எழுது, கூடவே காலை மாலை பிஹெச், அம்மோனியா, நைட்ரைட் மூன்றையும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்பு,
ரகு