ஜொகூர் லாயாங் லாயாங்கிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது. கோயிலுக்கு நடக்கும்போது வராத வலி, கடைக்குப் போகச் சொன்னால் வந்துவிடுகிறது. நீ வாட்ஸ்அப்பில் கேட்டிருந்ததற்கு அதிலேயே பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், அம்மா படம் எடுத்து அனுப்புவாள்.

ஆமாம் பாப்பா, அந்தப் படத்தில் கேமராக்காரர்களுக்கு நடுவே தொப்பியோடு நிற்பது நான்தான். "இந்த வயசுல முன்பின் தெரியாத ஆளுங்களோட ஒரு நாள் முழுக்க எதுக்குப்பா ரயில்ல போனீங்க?" என்று கேட்கிறாய். சரி, சொல்கிறேன்.

அவர்கள் ரயில் பைத்தியங்கள். நான் வைத்த பெயர் இல்லை, அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கோலாலம்பூர்ச் சீனப் பையன்கள், மூவாரிலிருந்து ஒரு மலாய் வாத்தியார், சிங்கப்பூர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், செந்தூலிலிருந்து நம் பையன் ஒருவன். ஜொகூர் பாருவுக்கும் கெமாஸுக்கும் நடுவில் ஓடிய டீசல் ரயில் நிற்பதற்குள் ஒருமுறை முழுதாகப் போய்விட வேண்டும் என்று கிளம்பியவர்கள். தாய்லாந்து எல்லையில் இருக்கிற பாடாங் பெசாரிலிருந்து கெமாஸ் வரை 2015லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. மேற்குக்கரைப் பாதையில் நம் ஜொகூர்ப் பக்கம்தான் கடைசியாக மீதி இருந்தது. முதல் நாள் நம் ஊரில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் சாப்பாட்டுக் கடைக்காரர் என்னைக் கைகாட்டி, "இவரு ரயில் பாதை ரிப்பேர் கேங்ல இருந்தவரு" என்று சொல்லிவிட்டார். அப்புறம் விடுவார்களா? மறுநாள் டிக்கெட்டும் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. முன்னால் இழுத்துப்போன எஞ்சின் சீனாவில் டாலியனில் செய்தது, 29ஆம் வகுப்பு என்று செந்தூல் பையன் சத்தத்தை வைத்தே சொன்னான். இந்தப் பாதை 1909இல் முடிந்தது, 1923இல் சிங்கப்பூரை இணைக்கும் காஸ்வேயில் ரயில் ஓடும் வரைக்கும் சரக்கு வேகன்களைப் படகில் ஏற்றித்தான் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும். சிங்கப்பூர்ப் பெரியவர் ஒருவர், 2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ஸ்டேசனிலிருந்து ஜொகூர் சுல்தான் ஓட்டிவந்த கடைசி ரயிலில் இருந்தாராம். அந்த டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பணப்பையில் வைத்திருக்கிறார். அவர் மனைவி படம் அதற்குப் பின்னால் இருந்தது. நான் கேட்கவில்லை.

ரெங்கம் தாண்டியதும் அந்தப் பையன் ஜன்னலோரம் மைக் ஒன்றை நீட்டினான். டடக், டடக் என்று தண்டவாள ஜாயிண்டில் சக்கரம் விழும் சத்தம் வேண்டுமாம். புதுப் பாதையில் தண்டவாளத்தை ஒட்டவைத்துவிடுவதால் இனி அது கேட்காது என்றான். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாப்பா. அவன் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு வேலை. ஒரு இடத்தில் சத்தம் கொஞ்சம் கனமாக விழுந்தது. அங்கே ஜாயிண்ட் இறங்கியிருக்கிறது, ஜல்லிக்கு அடியில் சேறு ஏறியிருக்கும் என்றேன். "எப்படி அங்கிள் தெரியும்?" என்றான். இத்தனை வருஷம் அதைத்தானே தூக்கிக் கட்டினோம்.

சொல்லச் சொன்னதால் சொன்னேன். விடியற்காலையில் கீமேன் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தன் பகுதி முழுக்க நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட் போல்ட்டை முறுக்கிக்கொண்டே போவான். இறங்கிய இடத்தை நாங்கள் ஜாக்கி போட்டுத் தூக்கி, பீட்டர் என்கிற இடிகருவியால் ஜல்லியை ஸ்லீப்பருக்கு, அதாவது தண்டவாளம் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு, அடியில் குத்தி இறுக்குவோம். செங்கால் மரத்து ஸ்லீப்பர் கட்டை ஒன்றை இரண்டு பேர் தூக்கினாலும் தோள் பிய்ந்துவிடும். மத்தியான வெயிலில் தண்டவாளம் நீளும். அதற்கென்று விட்ட இடைவெளி போதாவிட்டால் பாம்பு மாதிரி நெளிந்துவிடும், ரயில் வருவதற்குள் சிவப்புக் கொடியோடு ஓட வேண்டும். 2006 டிசம்பரில் ஜொகூர் முழுக்க வெள்ளம் வந்ததே, அப்போது நான் வீட்டுக்கே வராததற்கு உன் அம்மா இன்னும் கணக்கு வைத்திருக்கிறாள்.

அவர்களுக்கு அந்தப் பாதை போவதில் அவ்வளவு வருத்தம். எனக்கு இல்லை, அதையும் வெளிப்படையாகவே சொன்னேன். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது அழகு. இனி ஒரு பையன் செங்கால் கட்டை தூக்க வேண்டியதில்லை என்றால் எனக்கு அதுதான் பெரிது. மூவார் வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம். உன் அம்மாவும் என் கட்சிதான். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் பூவில் மகரந்தப் பொடி தூவுகிற வேலை பார்த்தவள் அவள். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். அது பரவியபின் அந்த வேலையே இல்லாமல் போனது. அம்மா அந்த வண்டைக் கும்பிட்டாள்.

குளுவாங்கில் ஸ்டேசன் காப்பிக்கடைக்கு ஓடினார்கள், 1938லிருந்து இருக்கிற கடையாயிற்றே. கரியில் வாட்டிய ரொட்டியும் காயா ஜாமும் பொட்டலமாக வந்தன. உனக்குப் பிடித்தது, அதனால் மேலே எழுதவில்லை.

பாலோ தாண்டிய பிறகு பேச்சு கிழக்குக்கரைப் பாதைக்குப் போனது. யுத்தத்தில் ஜப்பான்காரன் அங்கே தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டுபோய் சயாம் மரண ரயில் பாதையில் போட்டான் என்று சிங்கப்பூர்ப் பெரியவர் சொன்னார். தண்டவாளத்தை மட்டுமா கொண்டுபோனான் என்றேன். தாத்தா அங்கே போய்த் திரும்பியவர் என்று உனக்குத் தெரியும். தோட்டத்தில் லயத்துக்கு லயம் ஆள் பிடித்தார்கள், போனவர்களில் பாதிப்பேரின் பெயரைக்கூட எழுதிவைத்தவர் இல்லை. எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த அன்று தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காய்ச்சல் வந்தா மருந்து குடுப்பானாடா?" பையன் மைக்கை எடுத்தான். வேண்டாம் தம்பி என்றேன். தாத்தாவே பேசாததை நான் எதற்கு அவனிடம் கொடுப்பது. பையனும் நல்ல பிள்ளை, உடனே உள்ளே வைத்துவிட்டான்.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது சின்ன ஸ்டேசன்களைப் பற்றியது. பெக்கோக், பாலோ, ரெங்கம், நம் ஊர் எல்லாம் தோட்டத்து ஜனங்களுக்காக ரயில் நின்ற இடங்கள். கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. மாசாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரயிலுக்கு முன்பே நம் ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி யாருக்காக இங்கே நிற்கப்போகிறது? அவர்கள் பழைய கட்டடத்தைக் காப்பாற்ற மனு எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எழுதுவதாக இருந்தால் நாளைக்கு இரண்டு வண்டியாவது இங்கே நிற்கவேண்டும் என்று எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். வாத்தியார் குறித்துக்கொண்டார். எழுதினாரா என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் நீதான் சொல்ல வேண்டும், கட்டுமானம் படித்தவளாயிற்றே. இடைவெளியே விடாமல் தண்டவாளத்தை ஒட்டிவிட்டால் வெயிலில் அது எங்கே போகும்? கான்கிரீட் ஸ்லீப்பரும் கிளிப்பும் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும், பதிக்கும்போதே சூட்டைக் கணக்குப் போட்டு இழுத்துப் பதிப்பார்கள் என்று பையன் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் வெயிலுக்கு அது நிற்குமா?

வீட்டை விற்றுவிட்டு மெல்பர்ன் வரச் சொல்வதைப் பற்றித் தீபாவளிக்கு நீ வரும்போது பேசலாம். போனில் பேசினால் அம்மா அழுவாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பேரனை மட்டுமாவது கூட்டிக்கொண்டு வா. ஒட்டவைத்த தண்டவாளம் வெயிலில் என்ன ஆகும் என்ற பதிலை மட்டும் முன்னாலேயே அனுப்பு, பையன் என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், அவனுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா