அது, பத்து, காது

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் அறுவை முடிந்து வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபி செய்ய வரும் பையனுக்குப் பாடம் எடுக்காமல், ஒரு மாதமாவது அவன் சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். என் சாக்ஸபோனுக்குச் சீவாளி மாதிரி இருக்கிற ரீட் ஒன்றும் அதில் போயிற்று.

ஆமாம், சாக்ஸபோன். "இந்த வயதில் எதற்கடா இது?" என்று கேட்டிருந்தாய். கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான் கிளாரினெட் ஊதியபோது முன்வரிசையில் நின்று சீட்டி அடித்தவன் நீதானே! டெனர் என்கிற, கொஞ்சம் தாழ்ந்த குரல் சாக்ஸ், பழையது ஒன்று விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன். கிளாரினெட் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். விரல் பழகிவிட்டது. ஜாஸ் மட்டும் வரவில்லை. வீடியோவில் சொல்லித்தருகிற பையன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், டைப் அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

விஷயம் இதுதான். மவுத்பீஸில் கட்டியிருக்கும் ரீட் அதிர்ந்தால் ஓசை. அதன் நுனியை நாக்கு தொட்டால் அதிர்வு நிற்கும், விட்டால் மறுபடி ஓசை. நான் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் து, து, து என்று காற்றையே அடைத்துத் திறந்துகொண்டிருந்தேன். ஜாஸில் காற்று நிற்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விரலை வைத்து எடுப்பதுபோல நாக்கு லேசாகப் பட்டு விலக வேண்டும். "டூ என்று சொல்லுங்கள், தூ என்று சொல்லாதீர்கள்" என்றான் பையன். என் நாக்குக்கு அது ஏறவே இல்லை.

ஒரு நாள் ராத்திரி உன் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ திண்ணையில் பாடம் சொன்னாயே, 'அது'வில் வருகிற துவும் 'பத்து'வில் வருகிற துவும் எழுத்தில் ஒன்றுதான், வாயில் வேறு என்று. பத்து என்றால் நாக்கு காற்றை முழுசாக மறிக்கிறது. அது என்றால் உரசிவிட்டுப் போகிறது. மறுநாள் 'பத்து'வை விட்டுவிட்டு 'அது'வை நினைத்துக்கொண்டு ஊதினேன். பையன் திரைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான்!

அடுத்து, நாக்கு எங்கே பட வேண்டும் என்கிற சிக்கல். ஜாஸில் அரைத்தட்டு ஸ்வரங்கள் சோடி சோடியாக வரும். முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. நிதானமான பாட்டில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று, வேகம் ஏற ஏற இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். தாளத்தட்டு விழும் இடத்தில் நாக்கை வைக்கத்தான் கை, கால், மனசு எல்லாம் துடிக்கும். ஆனால் முதலில் பழக்குவது நேர்மாறு: குட்டை ஸ்வரத்தில் நாக்கு, அங்கிருந்து அடுத்த தட்டுக்கு நாக்குப் படாமல் வழுக்கல். இதற்கே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

இன்னொன்று, விழுங்கின ஸ்வரம். நாக்கை ரீட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே ஊதினால் ஓசை செத்துப்போகாமல் மங்கும். 'காது' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகத் தேய்கிறதே, அதேதான். ('அது'வில் உகரம் தேயாது, அது முற்றியலுகரம் என்று நீ பதில் எழுதுவாய். தெரியும், நானும் உன் திண்ணையில் உட்கார்ந்தவன்தான்.)

நாக்கு ஒரு வழியாக வந்தது. நாதம்தான் இன்னும் பாடாய்ப் படுத்துகிறது. கோல்மன் ஹாக்கின்ஸ் என்று ஒருவர், டெனரில் கனத்த, அகன்ற நாதம். 1934இல் அவர் ஐரோப்பா போனதும் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் அவர் இடத்துக்கு லெஸ்டர் யங் வந்தார். இவர் நாதம் மெலிசு, நீட்டும் ஸ்வரத்தில் நடுக்கமும் குறைவு. சக வாத்தியக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி ஊதப் பழகு என்று பார்த்தாராம். யங் மாறவில்லை, சில மாதத்தில் விலகிவிட்டார். அப்புறம் கவுன்ட் பேஸி என்ற பியானோக்காரரோடு 1936இல் அவர் ஊதிய பதிவுகளைக் கேட்டு ஒரு தலைமுறையே மெலிசாக ஊத ஆரம்பித்தது. எனக்கு ஹாக்கின்ஸைப் பிடிக்கும். ஆனால் உதட்டில் வருவது யங்கின் பக்கமாகத்தான் சாய்கிறது, அதுவும் சளி பிடித்த யங்.

இதற்கு மருந்தாகப் பையன் கொடுத்த பயிற்சி விநோதமானது. எல்லாத் துளையும் மூடி, கருவியின் அடி ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு விரலை அசைக்காமல், தொண்டையையும் நாக்கின் பின்பக்கத்தையும் மட்டும் மாற்றி, மேல்ஸ்தாயி ஸ்வரம், அதற்கு மேலே பஞ்சமம் என்று ஏற வேண்டும். மாடு கத்துகிறது என்றாள் உன் தங்கச்சி. கீழ்வீட்டுக்காரரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். சோனி ராலின்ஸ் என்ற இன்னொரு டெனர்க்காரர் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவு வேண்டாமென்று 1959 முதல் 1961 வரை நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று சாதகம் செய்தார். எனக்குப் பாலம் வாய்க்கவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் ஊதுகிறேன்.

தையில் நீ வருகிறாய். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. அதற்குள் அந்த முழங்காலை மடக்கப் பழகிக்கொள்.

அன்புடன்,
ராமு