பன்றியிடம் வெட்டு வாங்கிய நாய்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. காய்ச்சலில் கிடந்தேன், அதுதான் பதில் பிந்திவிட்டது. மாரி தொடங்கினால் ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது படுக்கைதானே. ஐந்து நாளும் பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும்.

படுத்துக்கிடந்த நேரம் ஒரு பழைய பிழை உறுத்தியது. 2012இல் உயர்தர வகுப்பில், கிருமிகளை விழுங்கும் தின்குழியங்களைப் படிப்பிக்கும்போது ஒரு பெட்டை எழும்பி, "சேர், தின்குழியங்களுக்கு ஒன்றுமே ஞாபகம் இராதா?" என்று கேட்டாள். இராது, வந்த கிருமியை ஞாபகம் வைப்பதெல்லாம் நினைவுக் கலங்கள் என்ற வேறு கலங்களின் வேலை, இரு பிள்ளை என்றுவிட்டேன். புத்தகமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் 2009இலேயே எலிகளில் பார்த்துவிட்டார்களாம், தின்குழியங்களைப்போலவே ஞாபகம் இல்லாதவை என்று நினைத்திருந்த இயற்கைக் கொல்லிக் கலங்கள் ஒரு வைரசோடு மோதியபின் மாதக்கணக்கில் நின்று, அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாய்ந்தன என்று. 2011இல் நெதர்லாந்தின் மிகாய் நெட்டேயாவும் கூட்டாளிகளும் 'பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்', அதாவது பழகிய நோயெதிர்ப்பு, என்று இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நான் அடுத்த வருசமும் பழைய பாட்டைத்தான் பாடியிருக்கிறேன்!

எங்கள் வீமனைத் தெரியும்தானே, வயலில் காட்டுப்பன்றியிடம் வெட்டு வாங்கின நாய். அன்றிலிருந்து பன்றியென்ன, மாடென்ன, பக்கத்து வீட்டுச் சைக்கிளென்ன, சருகு அசைந்தாலே எழும்பிவிடும். தின்குழியங்களும் அப்படித்தான், ஆளை அடையாளம் வைப்பதில்லை, உசாராக மட்டும் இருக்கும். எலியின் சுவாசப்பைக்குள் அடினோ வைரசை விட்டுப் பார்த்தால், பிறகு நியூமோனியா பற்றீரியாவையும் அங்குள்ள தின்குழியங்கள் நன்றாகச் சமாளித்தனவாம். மரபணு மாறுவதில்லை. வேண்டிய பக்கத்தின் நுனியை மடித்து வைப்பதுபோல, டி.என்.ஏ.யின் அந்தந்த இடம் சட்டென்று திறக்கும்படி கிடக்கும்.

எனக்கு இடித்தது வேறு. பிறகு தின்குழியமாக மாறக்கூடிய, இரத்தத்தில் ஓடும் ஒற்றைக்குழியம் சில நாளில் செத்துப்போகும், பிறகு எங்கே ஞாபகம்? எலும்புக்குள் இரத்தக் கலங்கள் பிறக்கும் என்பு மச்சையில், மச்சான். அங்கே இருக்கிற தாய்க்கலங்களே மாறிவிடுவதால் பிறக்கிறதெல்லாம் உசாராகவே பிறக்கும். எங்கள் தோளில் தழும்பு வைத்த பி.சி.ஜி. ஊசி இப்படித்தான் காசநோய் தவிர்ந்த சிலதுக்கும் உதவுகிறது என்கிறார்கள். அதற்காகத் துள்ளாதே, சுகாதார ஊழியர்களுக்குப் போட்டுப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றில் கொரோனா குறையவில்லை. உசார் கூடினாலும் கரைச்சல்தான், தேவையில்லாத அழற்சி வரும். வீமன் போன மாதம் தபால்காரரைக் கடித்துவிட்டது.

அந்தப் பிள்ளை இப்போது தாதியாம். கண்டால் சொல்லவேண்டும்.

பொங்கலுக்கு வா. படலையடியில் நின்று கூப்பிடு, நான் வந்து நாயைப் பிடிக்குமட்டும் உள்ளே காலை வைக்காதே.

உன் பழைய வாங்குக்காரன்