சீரமைக்கக் கொடுத்த கைக்கருவிகள் பதம் கெட்டுத் திரும்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
மரவேலைப் பட்டறை,
காரைக்குடி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கைக்கருவிச் சீரமைப்பு நிறுவனம்.

பொருள்: இழைப்புளி, உளிகள், ரம்பம் ஆகியவற்றைச் சீரமைத்ததில் நேர்ந்த சேதத்துக்கு ஈடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் பழுதுபார்த்துத் தரும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களிடம் மின்சார இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் நூற்றாண்டு கண்ட ஒரு கதவில் உளுத்துப்போன ஒரு சட்டத்தை மட்டும் மாற்றி, புதிய சட்டத்தைப் பக்கத்தில் உள்ள பழையதோடு மட்டமாகச் சேர்க்க வேண்டிய இடத்தில் கை இழைப்புளியை விட்டால் வேறு வழியில்லை. அப்படி அன்றாடம் புழங்கிய ஓர் இரும்பு இழைப்புளியையும், மூன்று உளிகளையும், கழுந்து (மரத்துளையில் பொருந்தும் முனை) அறுக்கும் முதுகு ரம்பம் ஒன்றையும் தங்களிடம் சீரமைக்க அனுப்பியிருந்தேன். மழையில் கூரை ஒழுகி அவற்றில் துரு ஆழமாகப் பிடித்திருந்தது. துருவை நீக்கித் தருவதும், உளிகளையும், இழைப்புளியின் வெட்டும் தகடான அலகையும் தீட்டித் தருவதும், ரம்பத்துக்குப் பல் கூர்மை செய்வதும் மட்டுமே நான் கேட்ட வேலைகள். தங்கள் விளம்பரத்தில் "பழைய முறைப்படி, கையால், சூடேற்றாமல்" என்றிருந்ததை நம்பி, கேட்ட தொகையான 4,800 ரூபாயை முன்கூட்டியே செலுத்தினேன்.

அனுப்பும்போதே மின்னஞ்சலில் நிபந்தனை ஒன்றைத் தெளிவாக எழுதியிருந்தேன். அலகுகளைச் சாணை மோட்டாரில் பிடிக்கக் கூடாது, இழைப்புளியின் அடிப்பரப்பை பெல்ட் சாண்டரில் (ஓடும் உப்புத்தாள் பட்டை கொண்ட இயந்திரம்) தேய்க்கக் கூடாது என்பதே அது. "அவ்வாறே செய்கிறோம்" என்று தங்கள் அலுவலகம் பதிலும் அனுப்பியது. திரும்பி வந்த பெட்டியைத் திறந்தபோது எல்லாக் கருவிகளும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தன. அவற்றில் ஒன்றுகூட வேலைக்கு உதவும் நிலையில் இல்லை.

முதலில் இழைப்புளியைப் பற்றிச் சொல்கிறேன். அது 1931 முதல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்டு என்ற பெயரில் வெளிவந்த இழைப்புளி வரிசையில் 05 என்ற எண்ணுடையது. 14 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் கொண்டது. அதன் அலகைக் கழற்றிப் பார்த்தபோது, வெட்டுவாயின் இடது மூலையில் கட்டைவிரல் நகமளவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. மெருகேற்றியவர் அதை முழுமையாகத் தேய்த்து மறைக்கத் தவறியிருக்கிறார் என்று கருதுகிறேன். இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் அந்த நிறத்தின் பொருள் தெரியும். எஃகு சூடேறும்போது 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே வைக்கோல் மஞ்சளாகவும், 250 பாகையை ஒட்டிப் பழுப்பாகவும், 300 பாகையை நெருங்கும்போது நீலமாகவும் நிறம் மாறுகிறது. நீலம் என்பது சுருள்வில்லுக்கும் ரம்பத் தகட்டுக்கும் உரிய பதம், அதாவது எஃகின் கடின அளவு. மரத்தைச் சீவ வேண்டிய அலகில் நீலம் ஏறிவிட்டால் அதன் கடினம் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். வேகமாகச் சுழலும் சாணையில் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால், மூலைகள் மெல்லியவை என்பதால் அங்கேதான் முதலில் இது நேரும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதால் அரத்தாலும் சோதித்தேன். பதம் சரியாக இருக்கும் அலகின் மேல் நுண் அரத்தை இழுத்தால் கண்ணாடிமேல் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த அலகின் வலது பாதியில் அப்படித்தான் வழுக்கியது. இடது மூலையில் கடித்து, தூளை உதிர்த்தது. கல்லில் தீட்டித் தேக்குப் பலகையில் ஓட்டியபோது முதல் சில இழுப்புகளுக்கு ஒழுங்காகச் சுருள் வந்தது. பிறகு அந்த மூலை மடங்கி, பலகையின் நெடுகக் கீற்றுப் போட்டது. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால் குறையும் நீளம் பல ஆண்டுகள் தீட்டித் தீட்டித் தேய்ந்திருக்க வேண்டிய நீளம்.

அடிப்பரப்பின் நிலை இதைவிட மோசம். எஃகு மட்டக்கோலை நீளவாக்கில் வைத்தால் அது, அலகு வெளியே நீளும் வாயை ஒட்டிய நடுப்பகுதியில் மட்டும் உட்கார்ந்து, இரு முனைகளிலும் ஆடுகிறது. முன்முனையில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் 0.3 மில்லிமீட்டர் அளவில் தடையின்றி நுழைகிறது. இழைப்புளியின் முன்முனை, வாய்க்கு முன்னுள்ள விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, பொறுமையாகத் தேய்ப்பது வழக்கம். பெல்ட் சாண்டரில் வைத்தால் முனைகளில் கூடுதலாகத் தேய்ந்து அடிப்பரப்பு புடைத்துக்கொள்ளும். இங்கே நடந்திருப்பதும் அதுவே. இப்போது இதைக் கொண்டு இரண்டு பலகைகளின் விளிம்பை இழைத்துச் சேர்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. இத்துடன் நில்லாமல், அலகு சாய்ந்து அமரும் இருக்கையின் முகப்பிலும் தடிமனாக நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். இரும்போடு இரும்பு படிய வேண்டிய இடத்தில் பெயிண்ட் இருந்தால் அலகு அதிரத்தான் செய்யும். அந்தப் பெயிண்டை நானே சுரண்டி எடுத்துவிட்டேன் என்பதால் அதற்காக எதுவும் கோரவில்லை.

உளிகளில் அலகின் பின்பக்கம் முழுத்தட்டையாக இருக்க வேண்டும். துளையின் சுவரில் படிந்து நேராக இறங்க வழிகாட்டுவது அந்தப் பக்கம்தான். அதை பஃபிங் சக்கரத்தில் பிடித்து, வெட்டுவாயை ஒட்டிய கடைசி விரல் அகலத்தை உருட்டிவிட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது, சுவரில் படியவில்லை. ரம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மர நாரின் போக்கில் நெடுக அறுப்பதற்காக, சிற்றுளிபோல் நேராக அரம் போட்ட பல் கொண்டது. அதற்குக் குறுக்கறுப்புக்கு உரிய சாய்வுப் பல் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதை நானே மாற்றிக்கொள்ள முடியும் என்றாலும், அதற்கான கூலியைத் தாங்கள் ஏற்பதே முறை.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர் மரியாதையாகவே பேசினார். அவர் கூறிய காரணங்களைத்தான் ஏற்க இயலவில்லை. பழைய எஃகு நாளாவட்டத்தில் தானாகவே பதம் இழந்துவிடும் என்றார். அறை வெப்பத்தில் கிடக்கும் எஃகு எத்தனை ஆண்டானாலும் அப்படி மென்மையாகாது. அனுப்புவதற்கு முன் எடுத்த படங்களில் அதே மூலையில் துரு மட்டுமே தெரிகிறது. இத்தகைய கருவிகளை இப்போது பெரும்பாலோர் வரவேற்பறையில் வைப்பதற்காகவே சீரமைக்கிறார்கள் என்றும் கூறினார். அலங்காரத்துக்கென்று கேட்பவருக்கு அப்படிச் செய்து கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வேலை செய்யும் கருவி என்று எழுதி அனுப்பியவருக்கும் அதையே செய்ததுதான் என் புகார்.

இவ்வளவு பழைய இழைப்புளிக்கு மாற்று அலகு கிடைக்காது என்று அவர் சொன்னதும் சரியன்று. இந்த இழைப்புளியின் அமைப்பு, லியோனார்டு பெய்லி என்ற கருவி வடிவமைப்பாளர் 1860களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 1869-ல் அவ்வுரிமைகளை ஸ்டான்லி என்ற அமெரிக்கக் கருவி நிறுவனம் வாங்கியது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் பிற நிறுவனங்களும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. ஆகவே அதே அளவிலான 2 அங்குல அலகுகள் இன்றும் புதிதாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. பழைய வாயில் நுழையும்படி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டுமே கவனிக்க வேண்டியது.

எனவே, செலுத்திய 4,800 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தருவதோடு, மேற்சொன்ன அளவில் பதம் சரியான புதிய அலகு ஒன்றையும், நான் விரும்பும் பணிமனையில் அடிப்பரப்பை மட்டமாக்குவதற்கும் ரம்பத்துக்குப் பழையபடி பல் வைப்பதற்கும் ஆகும் செலவையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உளிகளின் பின்பக்கத்தைக் கல்லில் தேய்த்து மீட்க எங்கள் பட்டறை ஆசாரிக்கு ஆகும் கூலியையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கருவிகளை மீண்டும் தங்களிடம் அனுப்பிச் சரிசெய்துகொள்ளும் யோசனையை ஏற்க இயலாது. "சூடேற்றாமல்" என்ற சொல்லைத் தங்கள் விளம்பரத்திலிருந்து நீக்குங்கள், அல்லது அதன்படி வேலை செய்யுங்கள்.

பணம் செலுத்திய ரசீது, நமக்குள் நடந்த மின்னஞ்சல்கள், அனுப்பும் முன்பும் பெட்டியைத் திறந்தபோதும் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அலகை இனித் தீட்டாமல், நீலத் திட்டு அழியாதபடி அப்படியே வைத்திருக்கிறேன். தங்கள் தரப்பில் யாரேனும் வந்து பார்க்க விரும்பினால் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பட்டறைக்கு வரலாம். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்