அந்த ட்யூன் எங்க இருந்து வந்துச்சு

தம்பி,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா. நீ அனுப்பின வாய்ஸ் நோட்டை எத்தனை தடவ கேட்டேன்னு கணக்கே இல்ல. அயர்லாந்துல நீ இருக்குற பக்கம், டிங்கிள் ஊர்ல ஒரு பெரியவர் பிடில்ல வாசிச்சார், பேரு போர்ட் ந பூக்கின்னு சொன்னார், யாரு போட்ட ட்யூன்மான்னு கேட்டிருந்தியே, அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து தேடிட்டேன்.

யாரும் போடலடா. காதுல விழுந்துச்சாம்.

கெர்ரி கரைக்கு அந்தாண்ட பிளாஸ்கெட் தீவுங்க இருக்குல்ல, அதுல இனிஷ்விக்கிலேன்னு ஒண்ணு, ஒரே ஒரு குடும்பம் இருந்த இடம். ஒரு ராத்திரி வீட்டுக்கு மேல காத்துல ஒரு பாட்டு போச்சாம், வீட்டுக்காரர் பிடிலை எடுத்து அது திரும்பத் திரும்ப வர வர ஸ்வரம் ஸ்வரமா புடிச்சிட்டாராம். பூக்கின்னா அவங்க ஊர் மாயப் பிறவிங்க, பேய்னும் சொல்ல முடியாது தேவதைன்னும் சொல்ல முடியாது. அவங்களோட பாட்டுன்னுதான் அந்தப் பேருக்கே அர்த்தம்.

இன்னொரு கதையும் இருக்கு, படகுல போனவங்களுக்குக் கேட்டுச்சுன்னு. அது கூன்முதுகுத் திமிங்கலம் பாடினதா இருக்கும்னு இப்ப சிலர் சொல்றாங்க. எனக்கு அதுதான் மனசுல ஒட்டிக்கிச்சு. அவங்க படகு நேவோக், மெல்லிசான மரச்சட்டம், மேல தார் பூசின கேன்வாஸ் துணி, அவ்வளவுதான், காலுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு துணிதான். பிடில் பொட்டி தந்தியோட சத்தத்தை வாங்கி பெருசாக்குற மாதிரி அந்தப் படகு கடலுக்கடியில இருந்து வர்ற சத்தத்தை வாங்கியிருக்கும்ல. திமிங்கலம் பாடும்கிறதே 1970ல திமிங்கலத்தை ஆராய்ஞ்ச ரோஜர் பேய்ன் ரெக்கார்டா வெளியிட்ட பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சுது, அந்தத் தீவுக்காரங்க கேட்டப்ப அதை பூக்கின்னு நினைக்காம வேற என்னன்னு நினைப்பாங்க.

நேத்து நானும் வாசிச்சுப் பார்த்தேன். கால்ல தாளம் போட்டேன், நிக்கல. அது ஸ்லோ ஏர், கட்டுன தாளம் இல்லாம மெதுவா போற மெட்டு, பாடுறவங்க மூச்சுதான் அதுக்கு கணக்கு. மேல ஏறி ஒரு இடத்துல நின்னு வழுக்கி இறங்குது பாரு, அந்த இடத்தை வில்லை அழுத்தாம இழுத்தாத்தான் வருது, எனக்கு ஏழெட்டு தடவ ஆச்சு.

அதுக்கு ஐரிஷ்ல வரியும் இருக்கு. அலை தாண்டி வந்த ஒரு பொண்ணு, ராத்திரியில தூக்கிட்டுப் போனாங்க என்னைன்னு பாடுறா. படிச்சதும் உன் ஞாபகம் வந்துடுச்சு, அதுக்கு மேல படிக்க முடியல.

1953 நவம்பர் 17ல பெரிய பிளாஸ்கெட்ல மிச்சம் இருந்தவங்களை கரைக்கு கூட்டிட்டு வர ஆரம்பிச்சாங்க, மொத்தமே 22 பேருதான். இப்ப அங்க ஊர் இல்ல, ட்யூன் மட்டும் உன் போன் வழியா நம்ம வீட்டு ஹால் வரைக்கும் வந்திருக்கு.

வெயில் காலத்துல கரையில இருக்குற டன்குவின்ல இருந்து அந்தத் தீவுக்குப் படகு விடுவாங்களாம், லீவு கிடைச்சா போயிட்டு வா. அங்க நின்னு வெறும் காத்தும் அலையும் ஒரு ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி அனுப்புப்பா, பேச வேண்டாம். ஸ்வெட்டர் எடுத்துக்கோ.

அம்மா