மேற்குப் பக்கம் நிழல் கட்டுங்கள்: குடியாத்தம் நகர்மன்றத்தாருக்கும் தெருவிழாக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள், தெருவில் விழா எடுக்கும் இளைஞர் மன்றத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஜூன் வரை பிள்ளைகள் வீட்டில்தான். பலமநேர், வி.கோட்டா, சித்தூர்ப் பக்கமிருந்து அக்கா பிள்ளை, மாமன் பிள்ளை என்று இன்னும் நாலு பேர் வந்து சேருவார்கள். தறி ஓடுகிற வீட்டிலும் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திண்ணையிலும் அவர்களுக்கு ஓடியாட இடமில்லை. அவர்களுக்காகக் கோடை விழா எடுக்க யோசிப்பீர்களானால் நாங்கள் கேட்பது இதுதான். ஊருக்கு நடுவே ஒரு பெரிய மேடை வேண்டாம். வார்டுக்கு வார்டு, பள்ளி மைதானத்தில், சாயங்காலம் மூன்று மணி நேரம், முந்நூறு பேருக்கு மேல் போகாத கூடல்களாக நடத்துங்கள். மேடைக்கும் சீரியல் லைட்டுக்கும் போகிற பணம் நிழலுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போகட்டும்.

முந்நூறு என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அதற்கு மேல் போனால் தாயின் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது. பள்ளியின் கழிப்பறை தாங்காது. பெரிய ஸ்பீக்கர் தேவைப்படும். ஸ்பீக்கர் பெரிதாகும்போது பிள்ளைகள் விளையாடுவதை விட்டுவிட்டு மேடையை வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். விழா அங்கேயே முடிந்துபோகிறது.

முதலில் நாள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. வேலூர் மாவட்டத்தில் அந்த நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நடுவில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் ஜனம் வந்து இறங்கும் நாள் அது. அதற்கு முன்னால் ஒரு வாரமும் பின்னால் மூன்று நாளும் தூய்மைப் பணியாளர், தண்ணீர் லாரி, போலீஸ் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. திருவிழா நாளையும் சேர்த்து அந்தப் பதினோரு நாளை விட்டுவிடுங்கள். மே முதல் வாரமும் கடைசி வாரமும் போதும்.

நேரம் மாலை ஐந்தேகாலிலிருந்து எட்டேகால் வரை. நான்கு மணிக்குத் தொடங்கினால் விருந்தினருக்குச் சௌகரியம், பிள்ளைக்கு இல்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தரை அப்போதுதான் கக்கத் தொடங்கும். பெரியவர் முகத்துக்கு வருகிற சூட்டைவிட மூன்று அடி உயரப் பிள்ளையின் முகத்துக்கு வருகிற சூடு அதிகம். சிமெண்டுத் தளம் என்றால் ஏழு மணி வரைகூட அனல் அடிக்கும். மண் தரையே நல்லது. மே மாதம் ஆறரை மணியை ஒட்டி மசூதியில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கான பாங்கு வரும். அப்போது பத்துப் பதினைந்து நிமிடம் மைக்கை நிறுத்தி, மோர் கொடுக்கும் நேரமாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

பந்தல் விஷயத்தில்தான் எல்லா ஊரிலும் ஒரே தப்பு நடக்கிறது. சாமியானாவைத் தலைக்கு மேலே விரிக்கிறார்கள். ஐந்து மணி வெயில் தலைக்கு மேலிருந்து விழுவதில்லை, மேற்கிலிருந்து சாய்வாக முகத்தில் அடிக்கிறது. மேலே துணி, பக்கமெல்லாம் திறப்பு என்றால் உள்ளே உட்கார்ந்தவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் பத்தடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலையைத் தொங்கவிடுங்கள். வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் வலை என்று கேட்டு வாங்குங்கள். காற்றும் வரும், வெயிலும் மறையும். அதைவிட நல்ல யோசனை, பணமே செலவில்லாதது: மேற்குப் பக்கத்தில் மாடிக் கட்டடமோ பெரிய புங்கமரமோ உள்ள மைதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் ஆளை அனுப்பி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். காலையில் போய்ப் பார்த்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழும், பார்த்தும் பிரயோசனமில்லை.

தகரக் கூரை வேண்டாம், அடுப்பு மாதிரி சுடும். தென்னங்கீற்று குளிர்ச்சிதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தது கீற்றுக் கூரைத் தீயில் என்பதை நாம் மறக்கக் கூடாது. பிள்ளைகள் கூடும் இடத்தில் கீற்றும் அடுப்பும் ஹாலஜன் விளக்கும் சேர்ந்து இருக்கவே கூடாது. சமையல் இருந்தால் ஐம்பதடி தள்ளி, அடுப்புப் பொறியைக் காற்று பந்தல் பக்கம் கொண்டுவராத புறத்தில், மணல் வாளி நான்கோடு.

காற்று என்றதும் கோடை மழையைச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் வெந்த நாள்களில்தான் சாயங்காலம் திடீரென்று புழுதிக் காற்றும் இடியும் வரும். பிளெக்ஸ் பேனரைப் பந்தல் காலோடு கட்டினால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிப் பந்தலையே சாய்த்துவிடும். பேனர் வேண்டுமென்றால் சுவரில் கட்டுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே விளையாட்டை நிறுத்தி எல்லாரையும் வகுப்பறைக்குள் அனுப்ப வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடலாம். வகுப்பறை பூட்டியிருந்தால் எல்லாரும் மரத்தடிக்குத்தான் ஓடுவார்கள். மின்னல் நேரத்தில் மரத்தடியைப் போல ஆபத்தான இடம் வேறில்லை.

இனி தரை. மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஐந்து மணிக்கு அல்ல. சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் போதும். 400 சதுர மீட்டர் இடத்துக்கு 600 லிட்டர். குடிநீர் வேண்டாம், போர் தண்ணீர் போதும். ஐந்து மணிக்குத் தெளித்தால் மேலே சேறு, கீழே புழுதி. முதல் ஓட்டத்திலேயே வழுக்கி விழுவார்கள். தெளிப்பதற்கு முன் பத்துப் பேர் வரிசையாகக் கைகோத்து நடந்து ஆணி, கண்ணாடிச் சில்லு, கருவேல முள் பொறுக்க வேண்டும். கோடு போடப் பிளீச்சிங் பவுடரை எடுக்கவே எடுக்காதீர்கள். சுண்ணாம்பும் வேண்டாம். கபடியில் விழுந்த பிள்ளை அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்க்கும். கோலமாவு இரண்டு மூன்று கிலோ இருந்தால் ஒரு கபடிக் களத்துக்குக் கோடு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கான களம் 11 மீட்டருக்கு 8 மீட்டர்.

தண்ணீர்க் கணக்கு: ஓடியாடும் பிள்ளைக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு லிட்டர், உட்கார்ந்திருப்பவருக்கு அரை லிட்டர். ஓடியாடுபவர் பாதி, உட்கார்ந்திருப்பவர் பாதி என்றால் முந்நூறு பேருக்கு 225 லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பன்னிரண்டு. ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மைதானத்தின் மூன்று மூலையிலும் நான்கு நான்கு கேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெரியவர். ஆள் இல்லையென்றால் அரை மணியில் குழாய் திறந்தே கிடக்கும்.

மோருக்கு ஒரு பங்கு தயிர், நான்கு பங்கு தண்ணீர். 12 லிட்டர் தயிர் எடுத்தால் 60 லிட்டர் மோர், 200 மில்லி டம்ளரில் சரியாக முந்நூறு. உப்பு 300 கிராம். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, கொஞ்சம் பெருங்காயம். பச்சைமிளகாயைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். குழந்தைக்குக் காரம் ஏறினால் அப்புறம் மோர்ப் பக்கமே வராது. காலையில் கரைத்து வைத்தால் சாயங்காலம் புளித்துப் பொங்கிவிடும். தயிரைக் குளிர்ச்சியில் வைத்திருந்து ஐந்தரைக்குக் கரையுங்கள். ஐஸ் கட்டியை உடைத்துப் போடாதீர்கள். மீனுக்குப் போகிற பார் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. மண்பானையை ஈரமணலில் இறக்கி ஈரச்சாக்கு சுற்றினால் போதுமான குளிர்ச்சி வரும்.

ஒரு பிள்ளை சோர்ந்து, தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எல்லாம் தலை தட்டி. உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது வேறு விஷயம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

விளையாட்டுக்கு வருவோம். பரிசுப் போட்டி ஒன்றிரண்டு போதும். மற்றதெல்லாம் எல்லாரும் கை வைக்கிற விளையாட்டாக இருக்கட்டும். எங்களைக் கேட்டால் முதலிடம் நுங்கு வண்டிக்குத்தான். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பதிலாக நுங்கு வியாபாரி ஒருவரை வரச் சொல்லுங்கள். சுளை தின்ற பிறகு கூந்தல், அதாவது காயின் வெளிக்கூடு, மிஞ்சும். ஒரே அளவு கூந்தல் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு சாண் நீளப் பச்சைக் குச்சியைச் செருக வேண்டும். காய்ந்த குச்சி என்றால் இரண்டு சுற்றில் ஒடிந்துவிடும். முனையில் கவட்டை உள்ள நாலடிக் கம்பு ஒன்று. கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். ஒரு கூந்தல் பெரிது, ஒன்று சிறிது என்றால் வண்டி சிறிய பக்கம் வட்டமடிக்கும். ஏன் வட்டமடிக்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும், பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். அரிவாள் வியாபாரி கையில் மட்டும் இருக்க வேண்டும். ஓலையும் சீவலும் கிடக்கும் இடத்தைக் கயிறு கட்டித் தடுங்கள், செருப்பில்லாத கால்கள் அங்கே போகக் கூடாது.

கயிறு இழுத்தலுக்கு நைலான் கயிறு உள்ளங்கையை எரித்துவிடும், தேங்காய்நார் கயிறோ சணலோ பாருங்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், அப்பாக்கள் ஒரு பக்கம் என்று வைக்கவும் வேண்டாம். கிட்டிப்புள் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. தண்ணீர் விளையாட்டு என்று சொல்லிக் கௌண்டன்ய ஆற்றுக்கோ மோர்தானா அணைக்கோ கூட்டிப்போகும் திட்டம் எதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கவே கூடாது.

நம் ஊரில் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் பேசுகிறார்கள். அறிவிப்பு மூன்றிலும் இருக்க வேண்டும். நாம் பல்லாங்குழி என்பதைத் தெலுங்குப் பாட்டிகள் வாமன குண்டலு என்பார்கள், நொண்டியைத் தொக்குடு பில்லா என்பார்கள், சடுகுடு அங்கே செடுகுடு. பலகையில் இரண்டு பேரையும் எழுதி வைத்தால் பாட்டிகள் தாமாக வந்து உட்காருவார்கள். அப்புறம் அந்த மூலைக்கு வேறு ஆள் போட வேண்டியதில்லை. பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள், கவனம்.

கோடை என்றால் இந்தப் பக்கம் பாரதக் கூத்துக் காலம். விடிய விடிய நடப்பதைச் சாயங்கால விழாவுக்குள் திணிக்க வேண்டாம். கூத்துக்காரர் மூன்று நான்கு பேரை அழைத்து, முக்கால் மணி நேரம் அடவும் பாட்டும் சொல்லித்தரச் செய்யுங்கள். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், தலையில் வைத்துப் பார்க்கட்டும். முகத்தில் வர்ணம் பூச ஆசைப்படுவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். பழைய ஒப்பனையில் வருகிற மஞ்சள் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கல். குழந்தைத் தோலில் அது படக்கூடாது. அரிசிமாவும் சந்தனமும் சிவப்புக்குச் செம்பருத்தியும் போதும். கலைஞர்களுக்குச் சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.

பீடி சுற்றும் பெண்களுக்கு மூன்று மணி நேரம் என்பது அத்தனை பீடிக்கான கூலி. அவர்கள் வரமாட்டார்கள், பிள்ளை தனியாகத்தான் வரும். அதனால் கடைசி ஒரு மணி நேரத்தைத் தாய்மார்களுக்கு என்று வையுங்கள், ஏழே கால் முதல். தனியாக வரும் பிள்ளையின் முன்கையில் வீட்டு போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பிள்ளை காணாமல் போய்க் கிடைத்தால் அதன் பெயரையும் சட்டை நிறத்தையும் மைக்கில் சொல்லாதீர்கள். கேட்டவர் யாரும் வந்து என் பிள்ளை என்று கூட்டிப்போகலாம். ஒரு பிள்ளை இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லி, வந்தவரிடம் அடையாளம் கேளுங்கள். ஆள் வரவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள்.

மைக்குக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கி கூடாது. இரவு பத்துக்கு மேல் வெளியிடத்தில் பொதுவாகவே கூடாது. எட்டேகாலுக்கு முடிந்துவிடுவதால் அந்தக் கவலை நமக்கில்லை.

கழிப்பறை பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அதனாலேயே வயசுப் பெண்களும் பாட்டிகளும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். முந்நூறு பேருக்குப் பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு இரண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணீர், விளக்கு, உள்தாழ்ப்பாள், வாளி, குவளை. தாழ்ப்பாளை முந்தின நாளே போட்டுப் பாருங்கள். இத்தனையும் ஒரு சாவியில்தான் நிற்கிறது. பள்ளி வாயில் திறந்திருக்கும், கழிப்பறைப் பூட்டின் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் லீவில் சொந்த ஊருக்குப் போயிருப்பார். வகுப்பறைச் சாவிக்கும் இதே கதைதான். ஆகையால் ஏப்ரல் முடிவதற்குள் பள்ளித் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டுப் பேசி, எந்தப் பள்ளியின் எந்தச் சாவி எந்த வார்டு உறுப்பினரிடம் இருக்கிறது என்று எழுதி நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். மிச்ச வேலையில் தோள் கொடுக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கான விழா வேலை பார்க்கும் சிலர்