மகளுக்கு: சேர் போய்விட்டார்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ரெலிபோனில் முழுக்கச் சொல்ல முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன். என்னைப் படிப்பித்த சேர் வியாழக்கிழமை இரவு நித்திரையிலேயே போய்விட்டார். 95 வயது. வாழ்ந்து முடித்த மனுஷன், அழ என்ன இருக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பொரளை மலர்ச்சாலையில் நரைத்த தலைகள்தான் கூட அழுதன.

பேசியவர்கள் எல்லோரும் அவரைப் போதகராகவே பேசினார்கள். எனக்கு அவர் கடைசிவரை கணக்கு வாத்தியார். நாங்கள் சைவக்காரர், அவருடைய பிரசங்கத்தை நத்தாருக்குப் போனால்தான் கேட்பேன். அங்கேயும் அட்சரகணிதம் படிப்பிக்கிற மாதிரித்தான்: ஒரு வசனம், அதற்கு நிறுவல், பிறகு கடைசி வாங்கைப் பார்த்து "விளங்கினதா?"

அவர் படித்ததே 1945இல் கல்வி மந்திரி கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால். இல்லாவிட்டால் கடைக்கு வேலைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அவரே சொல்லுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கினார். 1960-61இல் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றபோது சபைக்குள் பெரிய மனக்கசப்பு. இவர் மட்டும் "பிள்ளைகள் அதே பிள்ளைகள்தானே" என்று அடுத்த நாளும் அதே வகுப்புக்குப் போனாராம். ஆங்கிலத்தில் படித்த கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் அது. இரவிரவாகத் தமிழில் நோட்ஸ் எழுதி வைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார்.

1983 ஆடிக் கலவரத்தில் இரத்மலானை இந்துக் கல்லூரி அகதி முகாமில் நாங்கள் இருந்தபோது சேரும் குடும்பத்தோடு அங்கேதான். அவருடைய வீடும் எரிந்திருந்தது. வந்த உடனே ஒரு கொப்பி தேடி எடுத்து இடாப்புப் போடத் தொடங்கினார். யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணவில்லை, யாருக்கு மருந்து வேண்டும். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகிறவர்களின் பெயர்களையும் அதிலேயே எழுதினார். தங்கள் ஆட்களைத் தேடி வந்தவர்கள் முதலில் அந்தக் கொப்பியைத்தான் கேட்டார்கள்.

வசதி உள்ளவன் எல்லாம் லண்டன், கனடா என்று போகிற நேரம் அது. இவர் பென்சனை எடுத்துக்கொண்டு பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் படிக்கப் போனார். சிங்களப் பெடியளும் தமிழ்ப் பெடியளும் ஒன்றாகப் படிக்கிற இடம். அந்த வயதில், அந்த வருடங்களில்! உன் அப்பப்பா "மனுஷனுக்கு மூளை கலங்கிப்போச்சு" என்றார். எனக்கென்னவோ, அவர் செய்ததிலேயே துணிச்சலான காரியம் அதுதான்.

போதகராகக் கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகும் வேலை பெரும்பாலும் எழுத்துவேலைதான். வெள்ளவத்தை லொட்ஜுகளில் இருந்த வடக்குப் பிள்ளைகளுக்குப் பொலிஸ் பதிவுக்குச் சிங்களத்தில் கடிதம், அடையாள அட்டைக்குப் படிவம், வேலைக்கு நற்சான்றிதழ். சைவமா வேதமா என்று யாரையும் கேட்டதில்லை. 2007 யூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்களே, அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. பஸ்ஸில் ஏற்றின அன்று காலையே சேர் கொப்பியும் கையுமாக லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கி, கொண்டுபோனவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதினார். எழுபது கடந்த வயது, முழங்கால் நோ வேறு.

உனக்கு ஓ.எல். கேத்திரகணிதம் சொல்லித்தந்ததும் அந்தக் காலத்தில்தான். காசு கொடுக்கப்போய் நான் வாங்கிக்கட்டினது உனக்கு ஞாபகம் இருக்கும்.

சேருடைய மகளுக்கு நீ ஒரு கடிதம் எழுது. வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்பிவிட்டு இருந்துவிடாதே. அவ அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாத கதைகளைத்தான் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தா. அந்த விறாந்தையில் நீ படித்ததை, அவர் ஏசினதையும் சேர்த்து எழுது. விலாசம் அம்மா அனுப்புவா.

அன்புடன்,
அப்பா